அட்வான்ஸ் கொடுக்கும் முன்: புது உணவகத்துக்கு இடமும் மெனுவும்

உணவகம் தொடங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் இரண்டு வகைப் பதில்தான் வரும். "சாப்பாட்டுக் கடை நஷ்டமே ஆகாது" என்பது ஒன்று. "பத்தில் ஒன்பது கடை முதல் வருஷமே மூடிவிடும்" என்பது மற்றது. இரண்டையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்து உணவகங்களை எடுத்துக்கொண்டு எச்.ஜி. பார்சாவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் மூடியவையும் கைமாறியவையுமாகச் சேர்த்து ஏறக்குறைய 26 விழுக்காடுதான். ஆனால் மூன்று ஆண்டு முடிவில் அது 60 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. இந்தத் தொழிலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேகம் ஆச்சரியம் தராது. முதல் வருஷம் கடை கையிருப்பைத் தின்று ஓடுகிறது. இரண்டாவது வருஷம் கையிருப்பு தீரும்போது இடம் சரியில்லை, மெனு சரியில்லை என்பது தெரிகிறது. அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, தரையும் புகைக்குழாயும் போட்டாகிவிட்டது. மாற்ற முடிவதில்லை.

காசு போகிற வழிகளில் பெரியது கடை திறப்பதற்கு முன்பே போவது. பூட்டிய கடைக்கு மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டு, இன்றைக்கு மின் இணைப்பு வரவில்லை, நாளைக்கு மேல்மாடிக்காரர் குழாய் போட விடவில்லை என்று அலைகிற மாதங்கள் இருக்கின்றனவே, அவைதான் மனிதரை உடைக்கின்றன. தூக்கம் வராது. எப்போது திறப்பு என்று கேட்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அந்தப் பதற்றத்தில் எடுக்கிற முடிவுகள் எல்லாம் தப்பாகவே போகும். கைக்குக் கிடைத்த அடுப்பு, கிடைத்த மாஸ்டர், அவருக்குத் தெரிந்த மெனு. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று தோன்றிய விஷயங்களைத்தான், வேலை நடக்கிற வரிசையிலேயே, கீழே சொல்கிறேன்.

இடம் தேடக் கிளம்பும் முன் மெனுவின் எலும்புக்கூடு ஒரே ஒரு தாளில் இருக்க வேண்டும். உணவுகளின் பெயர்கள்கூட அப்போது வேண்டியதில்லை. எந்த நேரத்துச் சாப்பாடு, உட்கார்ந்து சாப்பிடுவதா பார்சலா, ஒருவர் எத்தனை நிமிடம் இருக்கையைப் பிடித்திருப்பார், சமையலுக்கு என்னென்ன அடுப்பு, எண்ணெய்ப் பொரியல் உண்டா இல்லையா என்ற ஐந்தும் தெரிந்தால் போதும். ஏன் என்றால், பார்க்கப் போகும் கட்டடங்களில் பாதியை இந்த ஐந்தே தள்ளிவிடும். பொரியலும் சுட்ட உணவும் முக்கியம் என்றால், கூரை வரை புகைக்குழாய் ஏற்ற முடியாத கட்டடம் எவ்வளவு அழகான முனையில் இருந்தாலும் உங்களுக்கானது இல்லை. குளிர்பானமும் ரொட்டியும் மட்டும் என்றால் அதே கட்டடம் மலிவான நல்ல இடம். இந்தத் தாள் இல்லாமல் தேடுபவருக்குப் பார்க்கிற எல்லா இடமும் பொருந்துவது போலவே தெரியும்.

கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்தக் கூட்டத்துக்கு எந்த மணியில் பசிக்கிறது என்று பார்க்க வேண்டும். அலுவலகங்கள் சூழ்ந்த தெருவில் மதியம் ஒன்றரை மணி நேரம் இடி விழுந்தாலும் கூட்டம் குறையாது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள்தான், இரவில் தெருவே இருட்டு. குடியிருப்புப் பகுதியில் மதியம் ஈயோட்டலாம், மாலையும் விடுமுறை நாளும்தான் வியாபாரம். கல்லூரி வாசலில் தேர்வு, விடுமுறை மாதங்களை வருஷக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். மருத்துவமனை அருகில் ஏழு நாளும் ஆள் வருவார்கள், பில் தொகை சிறியதாக இருக்கும். பேருந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்பவருக்கு உட்கார நேரமில்லை. எந்த இடமும் மோசமில்லை; தாளில் எழுதிய மெனுவின் மணியும் தெருவின் மணியும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கண்ணால் பார்த்து "நல்ல நடமாட்டம்" என்று சொல்வது கணக்கே இல்லை. எண்ண வேண்டும். கடை திறந்திருக்கப் போகிற ஒவ்வொரு மணி நேரத்திலும் கால் மணி நேரம் நின்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். வேலை நாள், விடுமுறை நாள், முடிந்தால் மழை நாள் என்று தனித்தனியாக எண்ணுங்கள். உங்கள் பக்க நடைபாதையையும் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துவிடாதீர்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நடக்கும் பக்கம் ஒன்று, மாலையில் வீடு திரும்புகிறவர்கள் நடக்கும் பக்கம் வேறு. காலைச் சிற்றுண்டியை நம்பிய கடை திரும்பி வருகிறவர்களின் பக்கத்தில் இருந்தால் காலையில் சாலையைக் கடந்து யாரும் வர மாட்டார்கள். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையென்றால் எதிர்ப்பக்கத்து வாகனங்களை எண்ணிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். வாகனத்தில் வருகிறவரை நம்பும் கடைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறார். பலகையைப் பார்த்து, மனம் வைத்து, வேகம் குறைக்க ஐந்தாறு வினாடி வேண்டும் என்றால் உங்கள் பலகை 70, 80 மீட்டர் தள்ளியே தெரிய வேண்டும். மரமோ, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக் கடையோ மறைத்தால் அந்த வாகனங்கள் எல்லாம் பார்க்காமலே கடந்து போகும். வண்டி நிறுத்த இடமில்லை என்றால் பார்த்தும் கடந்து போகும்.

கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்பதற்கு ஊகம் வேண்டாம், தெருவே பதில் சொல்லும். ஏற்கெனவே அங்கே இருக்கும் உணவுக் கடைகளின் முன்னால் நின்று, கடப்பவர்களையும் நுழைபவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். 600 பேர் கடந்து 12 பேர் நுழைந்தால் 2 விழுக்காடு. புதுக் கடைக்கு அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் உண்டு, கொஞ்சம் கள்ளத்தனமானதுதான், ஆனால் செலவு குறைவு. பில்லில் வரிசை எண் ஓடுகிற கடையாக இருந்தால், கதவு திறந்ததும் ஒரு தேநீர், மதியக் கூட்டம் முடிந்ததும் ஒன்று, மூடும் முன் ஒன்று வாங்குங்கள். மூன்று பில் எண்களின் இடைவெளியில் அவர்களுடைய வியாபாரம் தெரிந்துவிடும். நான்கு கடை இருக்கும் தெருவில் ஐந்தாவதாக நுழையப் பலருக்குப் பயம். நான்கும் நிரம்பியிருந்தால் அந்தத் தெருவுக்குச் சாப்பிடவே ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். நான்கிலும் கிடைக்காத ஒன்றை, அதே நேரத்தில், உங்களால் கொடுக்க முடிந்தால் நுழையலாம். உணவகமே இல்லாத தெருவைக் கண்டு "போட்டியே இல்லை" என்று குதிப்பவர்களுக்கு ஒரு கேள்வி: முன்பு அங்கே யாரும் திறக்கவில்லையா? திறந்து மூடியிருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் முடிதிருத்தும் கடையிலோ பெட்டிக்கடையிலோ கேட்டால், முந்தைய வாடகைதாரர் யார், ஏன் போனார் என்பது முழுவதும் வரும். வீட்டு உரிமையாளரிடம் கேட்டால் பாதிதான் வரும்.

இனி வாடகை. அது அதிகமா குறைவா என்பதை அக்கம்பக்கத்து வாடகையோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது, உங்கள் விற்பனையோடுதான் சொல்ல வேண்டும். வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்து விற்பனையில் 6 முதல் 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் அளவு. எளிதாகச் சொன்னால், மூன்று நாள் விற்பனையில் ஒரு மாத வாடகை வந்துவிட வேண்டும். அந்த விற்பனையை இருக்கையிலிருந்து கணக்கிடுங்கள், ஆசையிலிருந்து வேண்டாம். 40 இருக்கை என்றால் ஒரே நேரத்தில் 40 பேர் உட்கார மாட்டார்கள். இரண்டு பேர் வந்து நால்வர் மேசையில் உட்காருவார்கள். மிச்சம் இரண்டு இருக்கை காலியாகவே இருக்கும். உச்ச நேரத்திலும் 65 விழுக்காடு, அதாவது 26 பேர் என்று வையுங்கள். மதிய உச்சம் ஒன்றரை மணி நேரம், ஒருவர் முக்கால் மணி இருக்கிறார் என்றால் இரண்டு சுற்று, 52 பேர். அதற்குமேல் மதியம் வருமானம் இல்லை, வாசலில் வரிசை நின்றாலும் இல்லை. இதனாலேயே நால்வர் மேசையாக வாங்கி அடுக்காமல், சேர்த்துப் போடக்கூடிய இருவர் மேசைகளாக வாங்குவது நல்லது.

வாடகைக்கு அடுத்து, கடை தன் காலில் நிற்க ஒரு நாளைக்கு எத்தனை பில் (ஆளுக்கொரு பில் என்று வைத்து) வேண்டும் என்ற எண். விற்கிற ஒவ்வொரு 100க்கும் பொருள் 32, எரிவாயு, பொட்டலம், துடைப்பு, சில்லறை 8 போனால் 60 நிற்கும். ஒரு மாதத்துச் சம்பளம், வாடகை, கடன் தவணை, மாறாத மின்கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி அது சராசரி பில்லில் எத்தனை மடங்கு என்று பாருங்கள். 900 பில் அளவு என்றால், ஒவ்வொரு பில்லிலும் 60 விழுக்காடுதான் நிற்பதால், 0.6ஆல் வகுக்க 1,500 பில். முப்பது நாளுக்கு, நாளொன்றுக்கு 50. மேலே இருக்கைக் கணக்கில் வந்த எண்ணையும் தெருவில் நின்று எண்ணிய எண்ணையும் இதன் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒத்து வராத இடத்தை விட்டுவிடுங்கள். "போகப் போகப் பிடிக்கும்" என்று மனசு சொல்லும். பிடிக்கலாம்தான், அதுவரை சம்பளம் எங்கிருந்து வரும்? உணவுப் பொருளும் சம்பளமும் சேர்ந்து விற்பனையில் 60, 65 விழுக்காட்டைத் தாண்டினால் எவ்வளவு கூட்டம் வந்தாலும் மாதக் கடைசியில் கல்லாவில் ஒன்றும் மிஞ்சாது.

தெரு தேறிய பிறகு கட்டடம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எலக்ட்ரீஷியன், பிளம்பர், புகைக்குழாய் போடுகிறவர், சமைக்கப் போகிறவர் நால்வரையும் ஒரே நாளில் அழைத்துப் போங்கள். நான்கு பேருக்கும் கூலி கொடுத்தாலும் அது ஒரு மாத வாடகையில் சிறு துண்டுதான். புகைக்குழாய்தான் தலையாய சிக்கல். அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டு அடுப்பின் ஓரங்களைவிடக் குறைந்தது 15 செ.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். அதிலிருந்து குழாய் முடிந்தவரை நேராக மேலே போய்க் கூரைக்கு மேல் திறக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். படுக்கையாகப் போகிற நீளத்தில் எண்ணெய் படிந்து தங்கும், தீப்பிடிப்பது அங்கேதான். மேல்மாடியில் யார் இருக்கிறார்கள், அவர்கள் சன்னல் ஓரமாகக் குழாய் போக எழுத்தில் ஒப்புக்கொள்வார்களா என்பதை முதலிலேயே கேளுங்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இருக்கிறதா என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழி இல்லையென்றால் விசிறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. வாசல் கதவைத் திறக்கவே பலம் வேண்டியிருக்கும், கழிவறை வாடை சாப்பிடும் இடத்துக்கு வரும், புகை கூண்டுக்குள் போகாமல் சமையலறையிலேயே சுழலும்.

மின்சாரத்துக்கு, வாங்கப் போகிற கருவிகள் ஒவ்வொன்றின் கிலோவாட்டையும் எழுதிக் கூட்டுங்கள். பத்துத் தட்டு மின்சார காம்பி ஓவன் (ஆவியாலும் சூடான காற்றாலும் சமைக்கும் கருவி) ஒன்றே 18, 19 கிலோவாட் கேட்கும். பொரிக்கும் கருவி, ஏசி, குளிர்பெட்டிகள் சேர்ந்தால் ஒற்றை ஃபேஸ் தாங்காது, மூன்று ஃபேஸ் வேண்டும். கட்டடத்தில் அது இல்லையென்றால் விண்ணப்பித்து வரவழைக்க எத்தனை மாதம் ஆகும், செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டிய கடைக்கு வாடகை கட்டுவது பெரும்பாலும் இதற்காகத்தான். தண்ணீருக்கு ஓர் எளிய சோதனை: எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்தில் 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். வடிகாலுக்கு, நான்கைந்து வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிப் பாருங்கள். மெல்ல இறங்கினால் உச்ச நேரத்தில் தரையில் தண்ணீர் நிற்கும். சமையலறைத் தரைக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வேண்டும். கிரீஸ் ட்ராப், அதாவது கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி, வைக்க இடமும், அதைத் திறந்து சுத்தம் செய்ய ஆள் குனிய இடமும் வேண்டும். கொழுப்பும் கசடும் சேர்ந்து தொட்டியின் கால் பங்கை எட்டியதும் வழித்தாக வேண்டும். சூடான எண்ணெய்த் தண்ணீர் குழாயில் ஆறினால் கட்டியாகிவிடும், பிறகு அண்டை வீட்டுக் கழிவறையும் சேர்ந்து அடைக்கும். சண்டை அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. சரக்கு இறக்கப் பின்வழி, குப்பைத்தொட்டிக்கு இடம், சிலிண்டர் வைக்க விதிப்படி இடம் இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரப்பளவைச் சொந்த டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தரகர் சொல்லும் சதுர அடியில் சுவரும் படிக்கட்டும் பொது வழியும் சேர்ந்திருக்கும். உள்ளே 1,000 சதுர அடி நிஜமாக இருந்தால் சமையல், சேமிப்பு, கழுவுமிடத்துக்கு 350, கழிவறை, கல்லா, வழிக்கு 100 போக 550 மிஞ்சும். சாதாரண உணவகத்தில் ஓர் இருக்கைக்கு நடைவழியோடு 12 முதல் 15 சதுர அடி என்றால் 40 இருக்கைக்குக் கிட்டத்தட்ட வரும். இருக்கை கூட்டுவதற்காகச் சமையலறையைச் சுருக்குவது எல்லாருக்கும் வருகிற ஆசை. அப்படிச் சுருக்கினால் உட்கார்ந்திருப்பவர் எண்ணிக்கை கூடும், தட்டு வருகிற வேகம் குறையும்.

ஒப்பந்தத்தில் பேச வேண்டியவை ஒரு பக்கத்துக்கு வரும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன். உள்வேலை நடக்கும் காலத்துக்கு வாடகை இல்லை என்பது. முடிந்தால், உரிமங்களும் மின் இணைப்பும் வந்த நாளிலிருந்துதான் வாடகை என்பது. அந்தக் கட்டடத்தில் உணவகம் நடத்த அனுமதி உண்டு என்பதற்கு உரிமையாளரின் எழுத்து, அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்ற வரி. குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் இரண்டு பேரையும் கட்ட வேண்டும். உங்களை மட்டும் கட்டினால் கடை சூடுபிடித்த பிறகு உங்களை வெளியே அனுப்பலாம். வருஷா வருஷம் வாடகை எத்தனை விழுக்காடு ஏறும் என்பது எண்ணாக இருக்க வேண்டும். நடத்த முடியாமல் போனால் உள்வேலையோடு இன்னொருவருக்குக் கைமாற்றும் உரிமை வேண்டும். இது இல்லாதவர்தான் மொத்தமும் இழக்கிறார், ஏனென்றால் தரை, குழாய், வயரிங், சுவர் வேலை எதையும் கழற்றி விற்க முடியாது. கருவிகளுக்கும் பழைய இரும்புக்காரர் விலையைவிடக் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கும். "இன்னொருவர் நாளைக்கே அட்வான்ஸ் தர வருகிறார்" என்று தரகர் சொல்வார். வரட்டும் என்று இருக்கிற துணிச்சல் வேண்டும், அது கஷ்டம்தான். இந்தக் கட்டத்தில் ஒன்றைச் செய்துவிடுங்கள்: மூன்று முதல் ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் தனிக் கணக்கில் போய்விட வேண்டும். மிச்சத்தில்தான் அலங்காரம். அழகான விளக்குக்காக அந்தக் கணக்கில் கைவைத்தவர்கள் மூன்றாவது மாதம் சரக்குக்காரருக்குக் கடன் சொல்ல வேண்டியிருக்கும். கடன் சொன்ன நாளிலிருந்து வருகிற காய்கறியின் தரமும் மாறும்.

இப்போது மெனுவை விரித்து எழுதலாம். இங்கே சுவை பற்றிப் பேச ஆயிரம் பேர் வருவார்கள், அடுப்பு பற்றிப் பேச ஒருவரும் வர மாட்டார். நான்கு பர்னர் உள்ள வாணலிப் பகுதியில் ஒரு தட்டுக்கு 6 நிமிடம் என்றால் மணிக்கு 40 தட்டு. மதியம் ஒரே நேரத்தில் 26 பேர் உட்கார்ந்து, எல்லோரும் வாணலி உணவே கேட்டால், கடைசி ஆளுக்குத் தட்டு வர 40 நிமிடம் ஆகும். அவருடைய இடைவேளை முடிந்திருக்கும். எனவே உணவுகளை அடுப்பு வாரியாகப் பிரித்து எழுதுங்கள். இது வாணலி, இது பொரிப்பு, இது ஓவன், இது காலையிலேயே சமைத்துப் பரிமாறுவது, இது சமைக்கவே வேண்டாதது. ஒரு பகுதியிலேயே மெனுவின் பாதி குவிந்திருந்தால் பெயர்கள் எவ்வளவு விதவிதமாக இருந்தாலும் அந்த மெனு உச்ச நேரத்தில் நின்றுவிடும். தொடங்கும்போது 20 உணவுக்கு மேல் வேண்டாம். ஒரு தட்டாகச் சமைத்துச் சுவைத்துப் பார்த்து "அருமை" என்று மெனுவில் சேர்ப்பதும் வேண்டாம். வெவ்வேறு உணவுகளில் 20 தட்டுகளை ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்து, கடைசித் தட்டு எந்த நிமிடத்தில், என்ன சூட்டில் வந்தது என்று பாருங்கள்.

ஒவ்வொரு உணவுக்கும் கிராம் கணக்கில் ஓர் அட்டை வேண்டும். அதில் வாங்கிய எடையைப் போடாமல் சமைக்கத் தேறும் எடையைப் போடுங்கள். வெங்காயம் உரித்தால் பத்தில் ஒரு பங்கு போகும். முழு மீனை முள்ளெடுத்துத் துண்டாக்கினால் 10 கிலோவுக்கு 4, 4.5 கிலோதான் தேறும்; அப்படியென்றால் உங்கள் மீனின் விலை சந்தை விலையில் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு. இறைச்சி வெந்தால் எடையில் கால் பங்கு சுருங்கும். அரிசி மட்டும் எதிர்த்திசை, ஒரு கிலோ இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். விலை ஏறி இறங்கும் பொருளுக்கு வருஷத்தின் உச்ச விலையை அட்டையில் எழுதுங்கள். இன்றைய மலிவு விலையை எழுதினால் மெனு அச்சான மாதத்தில் மட்டும் லாபம் வரும். கரண்டிகளின் அளவும் அட்டையில் வர வேண்டும். பரிமாறுகிறவர் கையின் தாராளத்தில் 150 கிராம் 180 ஆனால் அது 20 விழுக்காடு.

பொருள் செலவு விழுக்காட்டை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதிலும் ஒரு பொறி உண்டு. 100க்கு விற்கும் உணவுக்குப் பொருள் 25 என்றால் கையில் நிற்பது 75. 200க்கு விற்கும் உணவுக்குப் பொருள் 80 என்றால் விழுக்காடு 40, பார்க்க மோசம், ஆனால் நிற்பது 120. வங்கியில் விழுக்காட்டைக் கட்ட முடியாது, ஆகவே இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். அடுப்பு நிமிடத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது 4 நிமிடம், இரண்டாவது 9 நிமிடம் என்றால் ஒரு பர்னர் நிமிடத்துக்கு முதலாவது 19 அளவுக்குத் தருகிறது, இரண்டாவது 13தான். உச்ச நேரத்தில் முதலாவதை முன்னால் தள்ள வேண்டும், கூட்டம் தணிந்த நேரத்தில் இரண்டாவதை. மதிய மெனுவும் இரவு மெனுவும் வேறுவேறாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

சீக்கிரம் கெடும் பொருள் எதுவும் ஒரே ஓர் உணவை நம்பி உள்ளே வரக் கூடாது, குறைந்தது இரண்டு மூன்று உணவில் புழங்க வேண்டும். அந்த ஓர் உணவு இரண்டு நாள் போகாவிட்டால் பொருள் குப்பைக்கு. மொத்தமாகச் சமைத்து வைக்கும் குழம்பு, சூப் வகைகளுக்கு ஃப்ரிட்ஜில் இடம் கணக்கிட்டுத்தான் மெனுவில் சேர்க்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதித்தொகுப்பு, சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் ஆற வேண்டும் என்கிறது. 20 லிட்டர் பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி அந்த நேரத்தில் ஆறவே ஆறாது. ஐந்து செ.மீ. ஆழத் தட்டுகளில் ஊற்றிப் பரப்ப வேண்டும், அந்தத் தட்டுகளுக்கு அடுக்கு வேண்டும். அடுக்கு இல்லையென்றால் அந்த உணவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பார்சலுக்கு வேறு மெனு எழுதுங்கள், சுருக்கமாக. விநியோகச் செயலிகள் 30 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும்போது விற்கிற 100இல் நிற்கும் என்று மேலே சொன்ன 60 பாதியாகிறது, டப்பாவுக்கும் போனால் இன்னும் குறையும். எந்த உணவு போகலாம் என்பதற்குச் சோதனை எளிது: டப்பாவில் போட்டு மூடி அரை மணி கழித்துத் திறந்து சாப்பிட்டுப் பாருங்கள். பொரித்தது தன் ஆவியிலேயே நமத்திருக்கும். மூடியில் துளை இருந்தால் கொஞ்சம் தேறும். சாறு உள்ளதைத் தனி டப்பாவில் கொடுத்தால் தேறும். தேறாததைச் செயலியில் போடாதீர்கள்.

முதல் மெனுவைச் சாதாரணத் தாளில் அச்சடியுங்கள், மாற்றப் போகிறீர்கள். ஆறு வாரம் போனதும் எந்த உணவு எத்தனை தட்டு என்று பில் கருவியிலிருந்து எடுக்கலாம். மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982இல் வகுத்துக் கொடுத்த முறை இன்றும் சின்னக் கடைக்குப் போதும். ஒரு பிரிவில் 20 உணவு இருந்தால் சராசரிப் பங்கு 5 விழுக்காடு. அதில் 70 விழுக்காடு, அதாவது 3.5 விழுக்காடு, எல்லை. 1,000 தட்டு விற்றதில் 35க்குக் கீழே போனது ஓடாத உணவு. இதோடு தட்டுக்கு நிற்கும் காசு சராசரியைவிட மேலா கீழா என்று பாருங்கள். ஓடுகிறது, காசும் நிற்கிறது என்றால் தொடாதீர்கள். ஓடுகிறது, காசு நிற்கவில்லை என்றால் அளவையோ விலையையோ மெல்ல நகர்த்துங்கள், ஒரே நாளில் வேண்டாம். காசு நிற்கும், ஓடவில்லை என்றால் பெயரை, மெனுவில் அது இருக்கும் இடத்தை, சப்ளையர் சொல்லும் விதத்தை மாற்றி இன்னொரு மாதம் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எடுத்துவிடலாம். ஆனால் எடுக்கும் முன் அது யாருக்காகப் போகிறது என்று சப்ளையரிடம் கேளுங்கள். ஆறு பேராக வருகிற குடும்பத்தில் குழந்தை சாப்பிடுகிற ஒரே உணவு அதுவாக இருந்தால், அதை எடுத்த வாரமே அந்த ஆறு பேர் மேசையும் வேறு கடைக்குப் போய்விடும். பில் கருவி அதைக் காட்டாது.